வான்கோழி எலும்பும் குற்றால அருவியும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் அத்தைக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. பேரருவிக்கு எதிரே ஓரமாக உட்கார்ந்து, குளிக்கப் போகிற அத்தனை பேரின் மூக்குக்கண்ணாடிகளையும் மடியில் வைத்துக் காவல் காப்பது. போன சீசனில் 5 கண்ணாடிகள்.

அதில் ஒன்று தென்காசியில் காலேஜ் படிக்கும் அக்கா மகனுடையது. மைனஸ் 5. “மாமா, கண்ணாடியப் போட்டா குளிக்க முடியல. கழட்டுனா அருவி எங்கன இருக்குன்னே தெரியல. சத்தத்த வச்சுத்தான் போறேன். பேசாம லேசர் பண்ணிக்கிடவா?” என்றான்.

நான் டாக்டர் இல்லை. ஆனால், அந்த லேசருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஈரத்துண்டோடு அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிட்டப்பார்வைக்காரர்களுக்கு, தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையில் விழாமல் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் போதும், பார்வை சரியாகும். சொல்வது சுலபம்! அதன் மொத்தக் கனமே சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

1930களின் கடைசியில் ஜப்பானில் சட்டோ என்ற கண் டாக்டர் துணிந்தார். கார்னியாவின் உட்புறத்திலும் கத்தியால் கீறல் போட்டுத் தட்டையாக்கினார். பார்வையும் தெளிந்தது. ஆனால், உட்புறத்தில் இருக்கும் மெல்லிய செல் வரிசைதான் தண்ணீரை வெளியேற்றி கார்னியாவைப் பளிங்கு மாதிரி வைத்திருக்கிறது, அது போனால் திரும்ப முளைக்காது என்பதெல்லாம் அப்போது தெரியாது. வருடங்கள் உருண்டன. ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கு கார்னியா வீங்கி, பார்வை மங்கிப்போனது.

கொலம்பியா நாட்டில் ஹோசே பராக்கேர் வேறு வழி பிடித்தார். கார்னியாவின் மேல் பகுதியை வட்டமாகச் சீவி எடுத்து, உறைய வைத்து, லேத் மெஷினில் கடைந்து, மறுபடி கண்ணில் பொருத்தினார். ஐடியா பிரமாதம். கருவிதான் முரடு.

சரியான கருவி வந்த வழியில் நம் சென்னைக்காரர் ஒருவர் நிற்கிறார். ரங்கசாமி சீனிவாசன். 1929ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, அமெரிக்கா போய் டாக்டரேட் முடித்து, நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த வேதியியல்காரர். ஆர்கான், ஃப்ளூரின் வாயுக்கள் கலந்த எக்ஸைமர் லேசர் பிளாஸ்டிக்கைச் சுத்தமாகச் செதுக்குவதைப் பார்த்தார். ‘உயிர்த்தசையையும் இப்படிச் செதுக்குமா?’ என்று அவருக்கும், சகாக்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவருக்கும் சந்தேகம்.

1981 நவம்பர் 27. முந்தின நாள் அமெரிக்காவில் நன்றித் திருநாள். வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. மிச்சத்தை நாமாக இருந்தால் சுண்டக் காய்ச்சியிருப்போம். சீனிவாசன் மீந்த எலும்பையும் குருத்தெலும்பையும் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோய் லேசர் முன்னால் வைத்துவிட்டார்! வேறு லேசர் பட்ட இடம் கருகியது. எக்ஸைமர் பட்ட இடத்தில் கருகலே இல்லை. அந்தப் புற ஊதாக் கதிர் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்து, மேல்படலத்தை மட்டும் ஆவியாகப் பறக்கவிடுகிறது. பக்கத்துத் தசைக்கு சூடு போய்ச் சேருவதில்லை.

1983ல் ஸ்டீஃபன் ட்ரோக்கல் என்ற கண் டாக்டர் சீனிவாசனோடு சேர்ந்து, இதை கார்னியாவில் சோதித்துப் பார்த்தார். விலங்குகளின் கண்களில் சோதனைகள் தொடர்ந்தன. ஆனால், நன்றாகப் பார்க்கிற ஒரு மனுஷக் கண்ணை முதலில் யார் கொடுப்பார்கள்?

ஒரு பெண்மணி கொடுத்தார். கண்ணைச் சுற்றிப் புற்றுநோய். கண்ணையே எடுத்தாக வேண்டும். ஆனால் கண்ணில் பார்வை நன்றாக இருந்தது. “எடுக்கப்போகிற கண்தானே, அதற்குள் சோதித்துப் பாருங்கள்” என்கிற மனசு! 1988ல் லூசியானாவில் டாக்டர் மார்கரீட் மெக்டொனால்ட் அதில் லேசர் செய்தார். சில நாட்களில் அந்தக் கண் அகற்றப்பட்டது. அது சொல்லிக்கொடுத்த பாடத்தில்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

பிறகு 1990 வாக்கில் கிரீஸ் நாட்டு பல்லிகாரிஸ், பராக்கேரின் சீவலையும் லேசரையும் சேர்த்தார். இளநீரை ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி சீவித் திறப்பார்களே, அப்படி கார்னியாவில் மெல்லிய மூடி திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்ப வைப்பது. இதுதான் லாசிக். அமெரிக்க அரசு கண் லேசருக்கு முதல் அனுமதி தந்தது 1995ல். வான்கோழிக்குப் பிறகு 14 வருடம்! 2013ல் சீனிவாசன் குழுவுக்கு ஒபாமா கையால் தேசிய தொழில்நுட்பப் பதக்கம்.

“அப்ப பண்ணிக்கிடலாம்லா மாமா?”

“வயசென்னடா?”

“18.”

“பவர் நின்னுடுச்சா?”

“எங்க... போன வருஷம் நாலரை.”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஏறிக்கொண்டிருக்கிற பவருக்குச் செதுக்கினால், மறுபடி கண்ணாடி வந்து நிற்கும். செதுக்கியது செதுக்கியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. கார்னியா மெலிதாகவோ கூம்பாகவோ இருந்தால் நல்ல டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்வார். சிலருக்குக் கண் உலர்ந்து உறுத்தும். நாற்பதைத் தாண்டினால் படிக்கிற கண்ணாடி எப்படியும் வரும், அதை இந்த லேசர் தடுக்காது.

“பவர் நிக்கட்டும். அப்புறம் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் கார்னியாவை அளந்து பாப்போம்” என்றேன்.

முகம் வாடிப்போய் அருவிப் பக்கம் தடவித் தடவி நடந்தான். பின்னாலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்: “ஏல, மெதுவாப் போ. ஒங் கண்ணாடி எங்கிட்ட பத்திரமா இருக்கு!”