எண்ணமும் எண்ணிக்கையும்

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் "எத்ர எண்ணம்?" என்று மலையாளத்தில் கேட்டால், எத்தனை உருப்படி வேண்டும் என்று பொருள். பொள்ளாச்சியிலிருந்து வந்து நிற்பவருக்கோ எண்ணம் என்றால் மனத்தில் ஓடுவது. இரண்டும் 'எண்ணு' என்ற ஒரே வினையில் பிறந்தவை. தமிழ் கணக்கையும் கருத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டது; மலையாளப் பேச்சு கணக்கோடு நின்றுவிட்டது.

லத்தீனும் இந்த வழியில் போன மொழிதான். அதில் 'புட்டாரே' என்றால் முதலில் கவாத்து செய்வது; கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண் நூலில் அந்தப் பொருளில்தான் வருகிறது. மூணாறு தோட்டங்களில் தேயிலைச் செடிக்குச் செய்கிறார்களே, அதே வேலை. வேண்டாததைக் கழித்துச் சீராக்குவது, கணக்கைச் சீராக்குவதாயிற்று, பிறகு கருதுவதாயிற்று. ஆங்கிலக் 'கம்ப்யூட்டர்' அந்த வேரில் வந்தது. ஆழ்ந்து எண்ணுவதைக் குறிக்கும் ஆங்கில 'பாண்டர்' என்ற சொல்லுக்குள் இருப்பது எடை. நம்முடைய 'சீர்தூக்கு' போல. 'திங்க்' மட்டும் லத்தீன் சரக்கல்ல, ஜெர்மானிய மரபுச் சொல்.

சிந்திப்பதைக் குறிக்கும் ஆங்கில 'கோகிட்டேட்' சொல்லின் லத்தீன் மூலத்துக்குச் சேர்த்துக் கலக்குவது என்பது பொருள். அதே மூலம் போர்ச்சுகீசியத்தில் 'குயிதார்' ஆகி, முன்பு நினைப்பதைக் குறித்தது; இன்று பேணுவதைக் குறிக்கிறது. அந்த மொழி கேரளக் கரைக்கு வந்து, தமிழோடு ஒரே நூலில் அமர்ந்தது. அந்தாவ் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679இல் அச்சானது, இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காட்டில்.

வடமொழிச் சொற்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இருபுறமும் வந்தன; ஆனால் வேலை மாறிப்போயிற்று. 'ஞான் விசாரிச்சு' என்று மலையாளி சொன்னால், நான் நினைத்தேன் என்று பொருள். கம்பத்துக்காரர் 'விசாரிச்சேன்' என்றால் நாலு பேரிடம் கேட்டார் என்று பொருள். தமிழில் 'யோசி' சிந்திப்பது. மலையாள 'யோஜிக்குக' இணங்குவது. இணைத்தல் என்ற வடமொழி மூலப் பொருளுக்கு மலையாளமே நெருக்கம்.

கைவிட்டதும் காத்ததும் தெளிவாகத் தெரிவது 'ஓர்' என்ற சொல்லில். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் அது ஆராய்வதைக் குறிக்கிறது. தமிழ்ப் பேச்சில் அது பெரிதும் மங்கி, செய்யுளுக்குப் போய்விட்டது. மலையாளத்தில் 'ஓர்ம்ம' என்றால் ஞாபகம். குழந்தைக்கும் தெரிந்த சொல். 1872இல் வெளியான குண்டர்ட்டின் மலையாள அகராதியும், 1961இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இந்த உறவைப் பின்தொடர உதவுகின்றன. ஆகவே எல்லைத் தமிழர் 'ஓர்மை இல்லை' என்றால் அதை மலையாளக் கலப்பு என்று ஒதுக்குவது அவசரம். வேர் பொதுச் சொத்து. பொருள்தான் அங்கே திரும்பியது.

கரிசல் பேச்சுக்குக் கி. ராஜநாராயணனும் கொங்குப் பேச்சுக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதி தந்தார்கள். கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டாரத் தமிழைத் தொகுக்க முன்வருகிறவர்கள் ஏலக்காய், தேயிலைத் தொழிற்சொற்களோடு நின்றுவிடாமல், இந்த நினைப்புச் சொற்களையும் அவை வழங்கும் வாக்கியங்களோடு எழுதி வைக்க வேண்டும்.