கடல் கடந்த கல்வியும் கணியம்பாடிச் சாலையும்

வேலூர் நகரிலிருந்து திருவண்ணாமலையை நோக்கித் தெற்கே செல்லும் சாலையில் முதலில் எதிர்ப்படுவது பாகாயம். அதனைக் கடந்து சென்றால் கணியம்பாடி. பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகம் அமைந்துள்ளது. கணியம்பாடி ஒன்றியத்திலோ எண்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் ஓர் இலட்சத்துக்கும் மேலான மக்கள், உழவையும் கூலி வேலையையும் இவ்வட்டாரத்தின் தோல் தொழிலையும் நம்பி வாழ்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர்களே. ஆயினும் இத்தொலைவைக் கடப்பதற்கு நியூயார்க், மான்ட்ரியால் முதலிய நகரங்களின் வழியாக வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய வரலாற்றை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதவித்தொகை பெற்று அயல்நாட்டில் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும், படிப்பு முடிவுறும் காலத்தில் ஒரு வினாவுக்கு விடையளித்தாக வேண்டும்: 'இனி என்ன?' என்பதே அவ்வினா. உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது எழுதிய விடை ஒன்றிருக்கும். கல்லூரி வாழ்வு மனத்தில் உருவாக்கிய விடை வேறொன்றாயிருக்கும். தாயகத்துச் சூழ்நிலை எதிர்பார்க்கும் விடை மூன்றாவதாக இருக்கும். இம்மூன்றும் ஒத்துவருவது அரிது. திரும்பி வருவதா, அங்கேயே தங்கிவிடுவதா என்பதோடு இவ்வினா முடிந்துவிடுவதாகப் பலர் கருதுகின்றனர். வேலூரின் வரலாறு இதற்கு மேலும் ஒன்றை நமக்குக் கற்பிக்கிறது. திரும்பி வந்தவர் தாம் கற்றதை மீண்டும் ஒருமுறை கற்றாக வேண்டும் என்பதே அது.

1. ஒரு மாணவியின் மாறிய திட்டம்

வேலூர் மருத்துவப் பணியை நிறுவிய ஐடா ஸ்கடர், 1870-ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் ஓர் அமெரிக்க மருத்துவ ஊழியரின் மகளாகப் பிறந்தார். அவரை உதவித்தொகை மாணவி என்று சொல்ல இயலாது. எனினும் கல்வியும் எதிர்காலத் திட்டமும் ஒன்றோடொன்று மோதிய நிகழ்ச்சிக்கு அவரே இவ்வட்டாரத்தின் முதற் சான்று எனலாம். அமெரிக்காவில் நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்ற நாள்களில், தம் குடும்பத்தார் பலர் சென்ற வழியில் தாம் செல்வதில்லை என்றே அவர் உறுதிகொண்டிருந்தார். 1890-இல் நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளவே திண்டிவனத்துக்கு வந்தார். அங்கே ஓர் இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் துன்புறும் தங்கள் மனைவியருக்கு உதவ வருமாறு அவரை அழைத்தனர். அவரோ மருத்துவம் அறியாதவர். மருத்துவராகிய தந்தை வரலாமெனில், ஆடவர் தொடலாகாது என்று அம்மூவரும் மறுத்துவிட்டனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

இந்நிகழ்ச்சி பலமுறை கூறப்பட்டுவிட்டதால், அதன் கூர்மை நமக்கு மழுங்கிப்போயிருக்கக்கூடும். இங்கு நாம் கவனிக்கத்தக்கது யாதெனில், ஐடா தம் திட்டத்தை மாற்றிக்கொண்டவுடன் மீண்டும் மாணவியானார் என்பதேயாகும். அனுதாபம் மட்டும் போதுமானதாயிருப்பின் அவர் திண்டிவனத்திலேயே தங்கியிருக்கலாம். அவர் அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் பயின்று, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அம்மருத்துவக் கல்லூரியின் முதல் வகுப்பு அதுவே. 1900-இல் வேலூருக்கு வந்தார். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. கண்ணெதிரே கண்ட தேவை முதலிலும், கல்வி அதனைத் தொடர்ந்தும் வந்த வரிசை இது. நம் நாளில் பெரும்பாலும் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் பட்டத்தைப் பெறுகிறோம். அதற்கேற்ற தேவையைப் பிறகு தேடுகிறோம்.

2. பட்டம் வேண்டிய காலம்

1918-இல் ஐடா பெண்களுக்கென மருத்துவப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1922-இல் அதன் முதல் வகுப்பைச் சேர்ந்த பதினான்கு மாணவியரும் அரசுத் தேர்வில் தேறினர். அப்போது அளிக்கப்பட்டது எல்.எம்.பி. என்னும் சான்றிதழே. 1930-களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு இச்சான்றிதழ்ப் படிப்பை நிறுத்த முடிவுசெய்தது. இனி எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு மட்டுமே இருக்கும் என்றபோது, வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. பல்கலைக்கழகத்தின் ஏற்பைப் பெறுவதற்குக் கட்டடங்களும் கருவிகளும் மட்டுமன்றி, ஒவ்வொரு துறைக்கும் மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்களும் தேவைப்பட்டனர். கடும் முயற்சிக்குப் பின் 1942-இல் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1947-இல் ஆடவரும் மாணவராகச் சேர்க்கப்பட்டனர்.

அயல்நாட்டு மேற்படிப்பு இக்கல்லூரியின் உயிர்நாடியாக மாறியது இச்சூழ்நிலையிலேதான். இதனை நாம் மறத்தலாகாது. கடல் கடந்து கற்பது ஒரு தனிமனிதரின் முன்னேற்றத்துக்குரிய படி என்றே இன்று எண்ணப்படுகிறது. அன்றோ அது ஒரு நிறுவனம் நிலைத்திருப்பதற்கும், இந்தியர் தம் நிறுவனத்தைத் தாமே நடத்துவதற்கும் இன்றியமையாத வழியாயிருந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஹில்டா லாசரஸ் அம்மையார் இக்கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றதையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

இத்தலைமுறையில் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் ஜேக்கப் சாண்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், பஹ்ரைனில் மிஷன் மருத்துவமனையொன்றில் பணியாற்றிய பின்னர் அமெரிக்கா சென்றார். தொடர்ந்து கனடாவின் மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் நரம்பு அறுவை மருத்துவம் கற்றார். அக்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்று விளங்கிய ஆசிரியரிடம் பயின்றவருக்கு மேலைநாட்டில் இடம் கிடைப்பது அரிதன்று. சாண்டியோ 1949-இல் வேலூருக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். பின்னர் இங்கேயே அத்துறையில் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கலானார். அவர் திரும்பி வந்தது ஒரு சிறப்பு. தமக்குப் பின் வருவோர் அதே கல்விக்காகக் கடல் கடக்கவேண்டிய தேவையைக் குறைத்தது அதனினும் பெரிய சிறப்பு. ஒரு உதவித்தொகை ஒருவரோடு முடிந்துபோகாமல் பலருக்குப் பள்ளியாகப் பெருகியதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

3. நியூயார்க்கிலிருந்து பாகாயத்துக்கு

மேரி வர்கீஸ் கேரளத்தைச் சேர்ந்தவர். வேலூரிலேயே பயின்ற மருத்துவர். மகளிர் மருத்துவத்தில் சிறந்து விளங்க வேண்டும் என்பதே அவருடைய எதிர்காலத் திட்டம். 1954-இல் நண்பர்களோடு சென்ற பயணத்தில் வண்டி கவிழ்ந்தது. அவருடைய முகம் காயமுற்றது. தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே உடல் உணர்வற்றுப் போயிற்று. அவருக்கு அப்போது முப்பது வயதும் நிறைவுறவில்லை.

அக்காலத்தில் வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்துகொண்டிருந்தார். கால்கள் செயலிழந்தவருக்குக் கைகள் உள்ளன. கை அறுவை மருத்துவமோ அமர்ந்தே செய்யக்கூடியது. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றுக்கொண்டார். ஊரார் தீண்ட அஞ்சிய கைகளை, எழுந்து நிற்கவியலாத ஒருவர் செப்பனிட்டார் என்பது வெறும் உருக்கத்துக்குரிய செய்தியன்று. உடற்குறை உடையவரைப் பிறர் இரக்கத்தில் வாழவேண்டியவராகவே கண்டிருந்த சமுதாயத்துக்கு அஃது ஒரு மறுப்புரையாகும்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற மேரி, உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்று, ஹோவர்ட் ரஸ்க் நிறுவிய நிலையத்தில் உடலியக்க மருத்துவமும் மறுவாழ்வும் பயின்றார். நோயைத் தடுப்பதும் தீர்ப்பதும் மட்டும் மருத்துவமன்று. எஞ்சிய ஆற்றலோடு ஒருவரை அவருடைய வீட்டுக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்புவது அதன் மூன்றாம் கட்டம் என்பது ரஸ்கின் கொள்கை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களிடையே பணியாற்றியபோது உருவான கொள்கை இது.

சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு வேலூரைவிட நியூயார்க்கே வசதியான இடம் என்பதில் ஐயமில்லை. திரும்பாமல் தங்கியிருந்தாலும் எவரும் அவரைக் குறைகூறியிருக்க மாட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் அவர் வேலூருக்குத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது எனப் போற்றப்படுகிறது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986-இல் அவர் மறைந்தார்.

4. மீண்டும் கற்றல்

கற்றதை மீண்டும் கற்றல் என்று முன்னர்க் குறிப்பிட்டதன் பொருள் இங்கே தெளிவாகிறது. நியூயார்க்கில் மறுவாழ்வு பெற்றவர் திரும்பிச் செல்லும் வீட்டில் சமதளத் தரையும் மின்தூக்கியும் இருக்கக்கூடும். பனையிலிருந்து விழுந்தோ கிணற்றில் தவறி விழுந்தோ தண்டுவடம் முறிந்த ஓர் உழவர் திரும்பிச் செல்லவேண்டிய வீடு எத்தகையது? வாசலில் உயர்ந்த படி. குனிந்து நுழையவேண்டிய கதவு. தரையில் அமர்ந்து உண்ணும் பழக்கம். வீட்டுக்கு வெளியே, வரப்பைக் கடந்து செல்லவேண்டிய ஒதுக்கிடம். சக்கர நாற்காலியை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதால் மட்டும் மறுவாழ்வு நிகழ்ந்துவிடாது. வீடும் தெருவும் பிழைப்பும் குடும்பத்தாரின் மனமும் பயிற்சியின் பகுதிகளாக வேண்டும். கொள்கையை நியூயார்க்கில் கற்கலாம். அதன் உள்ளடக்கத்தை இங்குள்ள சிற்றூரிடமே கற்றாக வேண்டும்.

இவ்வுண்மையை நம் நாட்டில் வேறிடத்தும் காண்கிறோம். எடின்பரோவில் அறுவை மருத்துவப் பட்டம் பெற்ற பி.கே. சேத்தி, ஜெய்ப்பூரில் கைவினைஞரான ராம் சந்திராவோடு இணைந்து, புகழ்பெற்ற ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலை உருவாக்கினார். மேலைநாட்டுச் செயற்கைக் காலோடு காலணி அணிந்தே நடக்க வேண்டும். குந்தி அமரவும் சம்மணமிடவும் இயலாது. நம் மக்களோ வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்கள். பட்டம் பெற்றவரும் பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த கைவினைஞரும் ஒருவருக்கொருவர் மாணவரானபோதே விடை கிடைத்தது.

வேலூரிலும் இதே கல்வி அமைப்பு முறையில் இடம்பெற்றது. 1950-களில் பாகாயத்தில் தொடங்கிய ஊரக நலப் பணி, கணியம்பாடி ஒன்றியத்தைத் தன் களமாகக் கொண்டு வளர்ந்தது. அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்களே நலப் பணியாளராகப் பயிற்சி பெற்று, கருவுற்றோரையும் குழந்தைகளையும் கவனித்து வருகின்றனர். மருத்துவ மாணவர்கள் தம் கல்வியின் தொடக்கத்திலேயே இவ்வூர்களுக்கு அனுப்பப்படுகின்றனர். நோயாளியைப் படுக்கையில் காண்பதற்கு முன்னரே அவருடைய வீட்டையும் குடிநீரையும் கூலியையும் அவர்கள் காண்கின்றனர். திருச்சபைகளின் ஆதரவில் சேர்க்கப்பட்ட மாணவர், படிப்பு முடிந்தபின் குறித்த காலம் தேவைமிக்க மருத்துவமனைகளில் பணியாற்ற உடன்படுவதும் இக்கல்லூரியின் நெடுநாள் வழக்கம். 'இனி என்ன?' என்னும் வினா கல்லூரியின் கடைசி நாளில் திடீரென்று எழாமல், முதல் ஆண்டிலிருந்தே உடன் வருவதற்கு இவை வழிசெய்கின்றன.

5. நமக்குரிய வினா

இவ்வரலாற்றைப் புகழ்ச்சியோடு முடித்துவிடுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. வேலூரில் பயின்று அயல்நாடுகளில் நிலைத்துவிட்டவர் பலர் உளர். அவர்களை நன்றியற்றவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் முறையன்று. திரும்பி வந்தவருக்கு இடமளிக்காத நிறுவனங்கள் நம்மிடையே உண்டு. புதிதாகக் கற்று வந்தவரைப் பழைய நாற்காலியில் அமர்த்தி, வாய்திறவாதிருக்கச் செய்வதும் உண்டு. மேரி வர்கீஸ் திரும்பியபோது அவருக்கு ஒரு துறையும், முயற்சிக்கு உரிமையும் காத்திருந்தன. உதவித்தொகை ஓர் ஒப்பந்தமெனில், அதில் மாணவருக்கு மட்டுமன்று, அனுப்பிய சபைக்கும் கடமை உண்டு.

இறையியல் கல்வித் துறையிலிருக்கும் நமக்கு இவ்வினா அயலார் வினா அன்று. 1950-களின் இறுதியில் இறையியல் கல்வி நிதி நிறுவப்பட்டதிலிருந்து, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமிருந்து ஆசிரியர் பலர் அயல்நாடு சென்று மேற்பட்டம் பெற்றனர். அந்நிதியின் இயக்குநராயிருந்த தைவான் நாட்டவர் ஷோக்கி கோ, 1972-இல் சூழமைவாக்கம் என்னும் கருத்தை இறையியல் கல்விக்கு முன்வைத்தார். மருத்துவர் படியையும் வரப்பையும் கண்டு கற்றுக்கொண்டதையே அவர் இறையியலாருக்குச் சொன்னார் எனலாம். அயல்மொழியில் ஆய்வேடு எழுதித் திரும்பும் நம் மாணவர், தம் ஆய்வை ஆம்பூர்த் தோல் தொழிலாளி ஒருவருக்கு அவருடைய மொழியில் விளக்க முடியுமா? அவர் கேட்கும் எதிர்க்கேள்வியால் ஆய்வேட்டின் ஓர் இயலையேனும் திருத்தி எழுத ஆயத்தமாயிருப்பாரா?

தாலந்துகளின் உவமையில் நிலத்தைத் தோண்டிப் புதைத்தவன் கடிந்துகொள்ளப்பட்டான். புதைப்பதற்கு அயல்மண்தான் வேண்டும் என்பதில்லை. தாயகத்துக்குத் திரும்பி வந்தும், பட்டத்தைச் சுவரில் மாட்டி அதன்கீழ்ப் புதைத்துவிடலாம். ஆகவே உதவித்தொகை பெற்றுப் புறப்படும் மாணவரிடம், 'திரும்பி வருவீர்களா?' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதிருப்போமாக. 'வந்தபின் யாரிடம் மீண்டும் கற்பீர்கள்?' என்றும் கேட்போம். அனுப்புகிற நாமோ, அவர் கற்று வருவதைக் கேட்கச் செவியையும், செய்து பார்க்க இடத்தையும் ஆயத்தப்படுத்தி வைப்போம். பாகாயத்திலிருந்து கணியம்பாடிக்குச் செல்லும் சாலை இன்றும் திறந்தே இருக்கிறது.