மூட்டமும் தம்மும்

புதுச்சேரிக்கு வடக்கே, கடலுக்கும் செம்மண் மேட்டுக்கும் நடுவே அமைந்த கோட்டக்குப்பத்தில் ஒரு கலியாணம் நடக்குமானால், சமையற்பந்தலில் சவுக்குக் கட்டைகள் எரிய, பெரிய தேக்சாக்களில் இறைச்சி மசாலாவோடு வெந்து, முக்கால் பதமாக வடித்த சீரகச் சம்பா அதன்மேல் பரப்பப்பட்ட பின்னர், பண்டாரி செய்கிற ஒரு காரியத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மூடியின் விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மாவையோ ஈரத்துணியையோ வைத்து, ஆவி தப்பிக்கும் சந்து ஒன்றுகூட இல்லாதபடி அவர் அடைத்துவிடுகிறார். அடியில் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்து, கனன்ற கங்குகளை வாரி மூடியின்மேல் பரப்புகிறார். தம் போட்டாயிற்று என்றால், அவர் சொல்லும்வரை தேக்சாவைத் தொட வீட்டுக்காரருக்கும் அதிகாரமில்லை.

தீயை மூட்டக் கற்றதிலிருந்து மனித நாகரிகத்தைத் தொடங்குவது சரித்திரக்காரர்களின் வழக்கம். தீயை அடைக்கக் கற்றதற்கும் அதற்குச் சமமான ஸ்தானம் உண்டென்பது என் திடமான அபிப்பிராயம்; அதற்கான சாட்சியத்தைப் பழைய தென்னாற்காடு ஜில்லாவின் கரித்தொழிலிலேயே காணலாம்.

கரிமூட்டம் போடுகிறவர்களின் வேலை வெளிப்பார்வைக்கு எளியது. கட்டைகளை நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் மிளாரைச் செருகி, தழையோ வைக்கோலோ பரப்பி, அதன்மேல் ஈரமண்ணைப் பூசி, அடியில் சில துளைகளை மட்டும் விட்டுத் தீயிடுகிறார்கள். முதலில் வெளுத்த புகை கனத்து எழும். அது பெரும்பாலும் கட்டையிலிருந்த நீர். உள்ளே உஷ்ணம் ஏறத்தாழ 280 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் மரம் தானே சிதைந்து தானே சூட்டை வெளிவிடத் தொடங்குகிறது. புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் கரி விளைந்துவிட்டது என்று பொருள். அப்போது எல்லாத் துளைகளையும் அடைத்து ஆறவிட வேண்டும். இடைப்பட்ட நாட்களில்தான் தொழிலின் சிரமமெல்லாம் இருக்கிறது. கரியாகும்போது கட்டை சுருங்குவதால் மூட்டம் அமுங்கும். அமுங்கினால் மண் வெடிக்கும். வெடிப்பின் வழியே காற்று புகுந்தால், கரியாக வேண்டியது சாம்பலாகும். ஆகையால் இரவும் பகலும் குழைத்த மண்ணோடு காவலிருந்து, வெடித்த இடத்தை உடனுக்குடன் பூசுகிறவனே தேர்ந்த தொழிலாளி. அவசரப்பட்டு மூட்டத்தை முன்கூட்டிப் பிரித்தாலோ, ஆறாத கரி காற்றுப்பட்டு மறுபடியும் தீப்பற்றிக்கொள்ளும். இத்தனை சிரத்தைக்குப் பிறகும், நூறு மணங்கு விறகில் இருபது மணங்கு கரி தேறுவதே அரிது.

இந்தக் கணக்கு ஒரு பெருந்தொழிலின் விதியோடு பின்னிக்கிடந்தது. கும்பினி உத்தியோகத்திலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், 1830இல், இதே ஜில்லாவின் தென்கோடியில், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்திலிருந்து தாது வந்தது. நிலக்கரி கிட்டாமையால் உலைகளுக்கு மரக்கரியே இரையாயிற்று. அவ்வாலை நஷ்டத்தில் தத்தளித்துக் கைமாறி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மூடப்பட்டதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. வெட்ட வெட்டக் காடு உலையை விட்டுத் தொலைவாகிக் கரி அரிதாகிப் போனது அவற்றில் பிரதானமானது. சரியாக அடைக்கப்படாத ஒவ்வொரு மூட்டமும் வீணாக ஒரு காட்டுத்துண்டைத் தின்றது என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

பின்னர் ரயில் வந்தது. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி பாதை திறக்கப்பட்ட காலத்தில், நிலக்கரிக்கு விலையதிகமாகையால், தென்னிந்திய எஞ்சின்கள் விறகையே எரித்துவந்தன. அந்தத் தேவையை உத்தேசித்துச் சோழமண்டலக் கரை நெடுகிலும் சவுக்குத் தோப்புகள் பெருகின. மணலில் வளர்வதும், சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வருவதும், நின்று எரிவதுமான அந்த மரம், எஞ்சின்களுக்கு நிலக்கரி வந்த பின்னரும் ஊர்களின் அடுப்பை விட்டு நீங்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கரி மறுபடியும் பெருமை பெற்றது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் தயாரித்ததைப் போன்ற கரிவாயுக் கலங்களைப் பொருத்திக்கொண்டு சென்னை ராஜதானியின் பஸ்கள் ஓடின. குறைந்த காற்றில் கரியைக் கனலவிட்டால் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடே அந்த எஞ்சின்களுக்கு முக்கிய ஆகாரம். மூடியிலோ குழாய் மூட்டிலோ ஒரு சிறு கசிவு இருந்தாலும், உள்ளே நுழைந்த காற்று அந்த வாயுவை எஞ்சினுக்குப் போய்ச் சேருமுன்பே எரித்துவிடும். மூட்டக்காரனின் பழைய சங்கடம் இரும்புக்கலத்துக்குள்ளும் தொடர்ந்தது.

அச்சங்கடத்துக்குத் தேசந்தோறும் பரிகாரம் தேடியிருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் நாட்டார், பழைய எண்ணெய் டிரம்களைக் கொண்டு செய்த புகைபோக்கி ஒன்றை மண்மூட்டத்தில் பொருத்தி, காற்றின் போக்கை ஒழுங்குபடுத்தி, அதே விறகில் கூடுதல் கரி எடுத்தார்கள். பிரேசிலில் செங்கற் சூளைகள், வெடிக்கும் மண்ணுக்கு விடை கொடுத்தன. அமெரிக்காவில் 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தாம் வேலைபார்த்த உலோகப் பட்டறையில் கடல்மிதவைக்காகச் செய்யப்பட்ட கோளத்தை இரண்டாக வெட்டி, மூடியும் காற்றுத்துளையும் உள்ள கரியடுப்பு ஒன்றைச் செய்தார். இன்றைய கொல்லைப்புறக் கரியடுப்புகளில் பல அதன் வாரிசுகள்.

டிரம்மை நெடுக அறுத்துக் கீல் பொருத்திப் புகையடுப்பு செய்யும் இக்காலத்து இளைஞர்கள், அடுப்பு வேகமாக எரிகிறது, மீன் கருகுகிறது, கரி நிற்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். மூடி உடலோடு சேரும் விளிம்பில்தான் அந்தக் குறை இருக்கும். அவ்விடத்தில் சூடு தாங்கும் கண்ணாடிநார்க் கயிற்றை ஒட்டி, திருகாணித் துளைகளைச் சூடு தாங்கும் பூச்சால் அடைத்து, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக நகர்த்தும் தகடுள்ள துளைகளை மட்டும் விட்டால், தீ கைக்கு அடங்கிவிடுகிறது. மேல் துளையைத் திறந்தே வைத்துக் கீழ்த் துளையால் சூட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மேலே அடைத்தால் தேங்கிய புகையில் மீன் கசக்கும். சமையல் முடிந்தபின் இரண்டையும் மூடினால் எஞ்சிய கரி அணைந்து மறுநாளுக்கு மிஞ்சும். ஆனால் அடங்கிய கரியும் கார்பன் மோனாக்சைடை விடுமாதலால், ஆறும்வரை அடுப்பைத் திறந்த வெளியிலேயே விட்டுவைக்க வேண்டும். மழைக்குப் பயந்துகூட அதை வீட்டுக்குள் கொண்டுவரலாகாது.