‘பிரீசின்’: ஐந்து வாசிப்புகளும் ஒரு பாட்டும்

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் ‘பிரீசின்’ இசைத்தட்டை வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1976இல் வெளியிட்டது. ஜாஸின் மனோதர்ம வாசிப்பு, சோல் இசையின் தாளக்கட்டு, பாப் மெட்டுகளின் எளிமை மூன்றும் அதில் கலந்திருந்தன. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் தனித்தனியே வெளியிட்ட பாப், ஆர் அண்ட் பி, ஜாஸ் பட்டியல்கள் மூன்றிலும் அது முதலிடம் பெற்றது.

1943இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த பென்சன் சிறுவயதிலிருந்தே பாடியவர். ஆனால் 1960களில் ஆர்கன் கலைஞர் ஜாக் மெக்டஃப் குழுவில் சேர்ந்தபின் கிட்டார் கலைஞராகவே அறியப்பட்டார். அடுத்து வந்த தட்டுகளிலும் பெரும்பாலும் கிட்டாரே முன்னின்றது; குரல் ஒதுங்கியே இருந்தது.

தயாரிப்பாளர் டாமி லிபூமா இந்த நிலையை மாற்றினார். 1976 ஜனவரியில் ஹாலிவுட்டின் கேபிடல் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. ஹார்வி மேசன் டிரம்ஸும், ரானி ஃபாஸ்டர், ஹோர்ஹே டால்டோ இருவரும் கீபோர்டும் வாசித்தனர். வயலின் குழுவுக்கான இசைக்கோவையை கிளாஸ் ஓகர்மன் எழுதினார். தலைப்பு மெட்டு சோல் பாடகர் பாபி வோமாக்குடையது. அதை கபோர் சாபோ 1971இலேயே கிட்டாரில் பதிவு செய்திருந்தார்.

ஆறு உருப்படிகளில் ஐந்து வெறும் வாத்திய இசை. பாட்டு ஒன்றே ஒன்றுதான்: லியான் ரஸல் இயற்றிய ‘திஸ் மாஸ்கரேட்’. இதில் பென்சன் கிட்டாரில் மீட்டும் சுரங்களையே சொற்களில்லாமல் வாயாலும் உடன் பாடுகிறார். விரலும் குரலும் ஒரே நொடியில் ஒரே சுரத்தில் வந்து விழும் அந்த இடங்கள்தாம் தட்டின் உயிர். எட்டு நிமிடப் பாட்டைச் சுருக்கித் தனித்தட்டாக வெளியிட்டபோது அது பாப் பட்டியலில் 10ஆம் இடம்வரை ஏறியது. 1977 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான விருதும் அதற்கே கிடைத்தது. தலைப்பு மெட்டு சிறந்த பாப் வாத்திய இசைக்கான விருதைப் பெற்றது.

விற்பனைக்காக ஜாஸை நீர்க்கச் செய்துவிட்டார் என்று தூய ஜாஸ் அன்பர்கள் சிலர் குறைப்பட்டனர். அது நியாயமன்று. ஹோசே ஃபெலிசியானோவின் ‘அஃபர்மேஷன்’ மெட்டை அவர் விரித்து வாசிக்கும் நேர்த்தி, எந்த ஜாஸ் மேடைக்கும் ஈடுகொடுக்கக்கூடியது.

அதன்பின் குரல் பின்வாங்கவில்லை. 1978இல் ‘ஆன் பிராட்வே’, 1980இல் குயின்சி ஜோன்ஸ் தயாரித்த ‘கிவ் மீ தி நைட்’ என அடுத்தடுத்துப் புகழ்பெற்றவை அவர் பாடியவையே. ‘ஸ்மூத் ஜாஸ்’ என்று பின்னாளில் வானொலிகள் பெயரிட்ட மென்மையான பாணிக்கும் இந்தத் தட்டு ஒரு முன்னோடியாக அமைந்தது.