கல்கத்தாவின் கிரகண இரவும் ஒரு புதிய சொல்லும்

1957ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் முன்னிரவில் கல்கத்தாவின் வானில் முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. சோவியத் ஒன்றியம் அக்டோபர் புரட்சியின் நாற்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய நாளும் அதுவே. முதல் ஸ்புட்னிக் விண்ணுக்குச் சென்று ஐந்து வாரங்கள்கூட நிறைவடையவில்லை. லைக்கா என்னும் நாயைச் சுமந்த இரண்டாம் ஸ்புட்னிக் நான்கு நாள்களுக்கு முன்னர்தான் ஏவப்பட்டிருந்தது. அந்தக் கிரகண இரவில் இரண்டு உயிரியலாளர்கள் கல்கத்தாவில் ஒன்றாக உணவருந்தினர். பிற உலகங்களில் உயிரைத் தேடும் துறையின் வரலாற்றில் அவ்விரவுக்கு ஓர் இடம் உண்டு.

விருந்தளித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். சூயஸ் மீதான பிரிட்டனின் படையெடுப்பைக் கண்டித்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பதவியைத் துறந்து, அவ்வாண்டின் நடுப்பகுதியில்தான் அவர் இந்தியாவில் குடியேறியிருந்தார். பி.சி. மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பாரநகரில் அவருக்கு இடமளித்தது. உயிரின் தோற்றம் குறித்து 1929இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று அக்காலத்துக்குத் துணிச்சலானது. ஆக்சிஜன் இல்லாத பண்டைய வளிமண்டலத்தின் மீது புறஊதாக் கதிர்கள் பட்டு, கரிமச் சேர்மங்கள் உருவாகி, கடலே நீர்த்த கஞ்சி போல் ஆகியிருக்கக்கூடும் என்பது அதன் சாரம். ரஷ்யாவில் ஒப்பாரின் இதையொத்த கருத்தை 1924இலேயே வெளியிட்டிருந்தார். இருவரும் 1963இல் ஃபுளோரிடாவில் நடந்த மாநாட்டில் நேரில் சந்தித்தபோது, முதன்மை ஒப்பாரினுக்கே உரியது என்று ஹால்டேன் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார்.

விருந்தினர் ஜோஷுவா லெடர்பெர்க். அப்போது அவருக்கு வயது 32. பாக்டீரியாக்களும் மரபுப்பொருளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று நிறுவியதற்காக அடுத்த ஆண்டே நோபெல் பரிசு பெறவிருந்தவர். மெல்போர்னில் சில மாதங்கள் பணியாற்றிவிட்டு நாடு திரும்பும் வழியில் ஹால்டேனைக் காண வந்திருந்தார்.

பேச்சு இயல்பாகவே நிலவின் மீது திரும்பியது. புரட்சி நாளில் கிரகணமும் சேர்ந்து வருகிறது. இருண்டிருக்கும் நிலவின் மீது சோவியத் ஒன்றியம் ஓர் அணுகுண்டை வெடிக்கச் செய்தால், உலகமே ஒரு சிவப்பு நட்சத்திரத்தைக் காணுமே என்ற ஊகம் எழுந்தது. பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழில் நெடுங்காலம் எழுதியவர் ஹால்டேன். அரசுகளின் கொண்டாட்ட மனநிலை அவருக்குப் புதியதன்று. அன்று நிலவில் எதுவும் வெடிக்கவில்லை. எனினும் லெடர்பெர்க்கால் அந்த ஊகத்தை வெறும் வேடிக்கையாக ஒதுக்கிவிட முடியவில்லை.

காரணம் எளிது. நுண்ணுயிரியலாளரின் நாள்கள் கலப்படத்தோடு போராடுவதிலேயே கழிகின்றன. தகுந்த சூழலில் ஈ. கோலை பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும்; ஒரேயொரு செல் தவறி விழுந்தாலும் ஒரு சோதனை முழுவதும் பாழாகிவிடும். பூமியிலுள்ள உயிர்கள் யாவும் ஏறக்குறைய ஒரே மரபுக்குறியீட்டைப் பகிர்கின்றன. ஆகவே நாம் அறிந்த உயிர் என்பது ஒரே ஓர் எடுத்துக்காட்டு. செவ்வாயில் தனியாகத் தோன்றிய உயிர் ஒன்று கிடைத்தால் அது இரண்டாம் எடுத்துக்காட்டாகும். ஆனால் நமது கலம் நமது நுண்ணுயிரையே அங்கு விதைத்துவிட்டால், பின்னர் கிடைப்பது அவ்வுலகின் உயிரா, நம்முடையதா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். அந்த இழப்பை எந்தப் பிற்காலத் தொழில்நுட்பமும் ஈடுசெய்யும் என்பதற்கு உறுதியில்லை.

நாடு திரும்பியதும் லெடர்பெர்க் அறிஞர்களுக்குக் கடிதங்களும் குறிப்புகளும் எழுதத் தொடங்கினார். 1958 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம், நிலவையும் கோள்களையும் மிகுந்த கவனத்துடன் அணுகுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில் அமெரிக்க விமானப்படை நிலவில் அணுகுண்டை வெடிப்பது பற்றி மறைவாக ஆய்வு நடத்தியது. இளைஞரான கார்ல் சேகனும் அக்குழுவில் இருந்தார். ஆய்வுக்குத் தலைமை தாங்கிய லெனார்டு ரைஃபல் 2000இல்தான் அதைப் பொதுவெளியில் உறுதிசெய்தார். கல்கத்தாவில் பேசப்பட்ட ஊகம் வீண் கற்பனையன்று. ஆனால் அதைத் திட்டமாக எண்ணிப்பார்த்தது மாஸ்கோ மட்டுமன்று.

1960இல் லெடர்பெர்க் தமது கவலைக்கும் தேடலுக்கும் சேர்த்து ஒரு பெயரிட்டார்: எக்ஸோபயாலஜி. 'வெளி' எனும் பொருள்படும் கிரேக்க முன்னொட்டோடு உயிரியல் சேர்ந்த ஆக்கம். தமிழில் 'புறவுலக உயிரியல்' எனலாம். பொதுவாகப் பொருள் முன்னே தோன்றும், பெயர் பின்னே வரும். இங்கே அம்முறை தலைகீழானது. ஆய்வுப்பொருள் உண்டு என்றே இன்னும் நிறுவாத துறை என்று தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கேலார்டு சிம்சன் 1964இல் எள்ளினார். அந்த எள்ளலுக்கு இன்றுவரை முழு விடை இல்லை.

ஆயினும் பொருள் கிட்டாத அச்சொல் பல செயல்களுக்கு வழிவகுத்தது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, பிற விண்பொருள்களைத் தீங்கான வகையில் மாசுபடுத்தலாகாது என்று நாடுகளைக் கட்டுப்படுத்தியது. 1976இல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் ஏவப்படுவதற்கு முன் 110 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் பல மணி நேரம் வைக்கப்பட்டு நுண்ணுயிர் நீக்கம் செய்யப்பட்டன. அவற்றின் உயிரியல் குழுவில் லெடர்பெர்க்கும் ஒருவர். ஹால்டேன் அதைக் காணவில்லை. 1964இல் புவனேசுவரத்தில் அவர் மறைந்தார்.

நிலவு கொடியேற்றும் இடமாகும் என்ற ஊகமோ பொய்க்கவில்லை. 1959 செப்டம்பரில் லூனா 2 சோவியத் சின்னங்களைச் சுமந்து நிலவில் மோதியது. 2008இல் சந்திரயான்–1இன் மோதுகலம் மூவர்ணத்தைத் தாங்கி நிலவைத் தொட்டது. அதற்கு வாய்த்த நாள் நேருவின் பிறந்தநாளான நவம்பர் 14.

1995இல் சூரியனையொத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று அறியப்பட்ட புறக்கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல். பூமியை ஒத்த ஒன்றைத் தேடி அவற்றின் வளிமண்டலங்களைத் தொலைநோக்கிகள் ஆராய்கின்றன. அவற்றை நாம் மாசுபடுத்த இயலாது. அவை கைக்கெட்டாத் தொலைவில் உள்ளன. தொட்டுச் சோதிக்கக்கூடியவை செவ்வாயும், வியாழன், சனி ஆகியவற்றின் சில துணைக்கோள்களும் மட்டுமே. கலங்கள் அங்கே செல்லச் செல்ல, பாரநகர் விருந்தாளி ஒரு கிரகண இரவில் அடைந்த அச்சம் பழங்கதையாகிவிடவில்லை. தேடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்ற அந்த எளிய நெறி, இன்னும் ஒவ்வொரு பயணத்திலும் புதிதாகக் காக்கப்பட வேண்டியிருக்கிறது.