கலிபோர்னியா உயர்கல்விப் பெருந்திட்டம்

1960-ஆம் ஆண்டில் ஆளுநர் பாட் பிரவுன் கையொப்பமிட்ட டோனஹோ சட்டத்தின் வாயிலாக உருப்பெற்ற இத்திட்டம், அதுவரை ஒன்றோடொன்று போட்டியிட்டு வளர்ந்துவந்த அம்மாநிலத்து அரசாங்கக் கல்வி ஸ்தாபனங்களை மூன்று பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கடமையை நிர்ணயித்தது. உயர்நிலைப் பள்ளி முடித்தோரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் ஆராய்ச்சிக்குரிய கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளிலும் சேரத் தகுதி பெற, ஏனையோர் யாவருக்கும் ஈராண்டுக் கல்லூரிகள் கதவைத் திறந்துவைத்தன. இதன் ஜீவநாடி அந்த ஈராண்டுக் கல்லூரிகளே. அங்கே நன்கு தேறிய மாணவன், பயின்ற பாடங்களின் பலனை இழவாமல், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் புகுவதற்கு வழி பிறந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது எத்தனை பெரிய பாக்கியம்! டாக்டர் பட்டத்தை மாநிலக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தோடு கூட்டாகவே வழங்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் இத்திட்டத்தின் பிரதான சிற்பி.