சென்ற வழியே திரும்பும் வண்டி

சிவகாசியில் தயாராகும் வாணவெடியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழாயின் அடியிலுள்ள மருந்து பற்றியதும் குண்டு 'விர்' என்று மேலே கிளம்புகிறது. அதன்பின் அதை எதுவும் தள்ளுவதில்லை. முதல் நொடியில் பெற்ற இயக்க ஆற்றலைக் கொண்டே அது உயர்கிறது. புவியீர்ப்பு அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது.

இருபது முப்பது பேர் அமர்ந்த வண்டியை இப்படி ஏவ முடியுமா? ரோலர் கோஸ்டர் எனப்படும் உருள்வண்டிகளை நெடுங்காலம் சங்கிலியால் மெல்ல மேட்டுக்கு இழுத்துத்தான் விட்டு வந்தார்கள். பெங்களூர் வொண்டர்லாவின் 'ரீகாயில்' வண்டியும் முன்னும் பின்னுமாக ஓடுவதுதான். ஆனால் அதுவும் உயரத்திற்கு இழுத்து விடப்படுவதே.

வழியை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியப் பொறியாளர் அன்டோன் ஷ்வார்ஸ்கோப். 1977-ல் அவருடைய எஃகு வண்டிகள் அமெரிக்கப் பூங்காக்களில் ஓடத் தொடங்கின. வண்டி சமதளத்திலிருந்து பாய்ந்து, வளையம் ஒன்றில் தலைகீழாகச் சுற்றி, செங்குத்தான தண்டவாளத்தில் ஏறி, ஒரு கணம் நிற்கும். பின்பு பின்னோக்கி இறங்கி, அதே வளையத்தைச் சுற்றி, நிலையத்தைக் கடந்து மறுமுனையில் ஏறும். மீண்டும் இறங்கி நிலையத்தில் நிற்கும்.

ஏவும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? சில பூங்காக்களில் கோபுரத்தின் மேலிருந்து பெரும் எடை ஒன்று விழுந்து, கம்பிவடத்தால் வண்டியை இழுத்தது. வேறு சிலவற்றில் கனத்த சுழல்சக்கரம் இருந்தது. சிவகாசி அச்சகங்களில் டிரெடில் இயந்திரத்தைக் கண்டவர்களுக்கு அதன் பக்கத்தில் சுழலும் சக்கரம் நினைவிருக்கும். கால் மிதிக்கும் ஆற்றலைச் சேர்த்து வைத்து, தாளில் அச்சு அழுந்தும் கணத்தில் அது கொடுக்கும். இங்கும் அதே தத்துவந்தான். மோட்டார் சக்கரத்தைச் சிறிது சிறிதாக வேகப்படுத்தும். கிளட்ச் பிடித்ததும் சேர்ந்த ஆற்றல் சில விநாடிகளில் வண்டிக்குப் போய்விடும். கலிபோர்னியாவில் 1978-ல் தொடங்கிய 'மான்டெசூமாஸ் ரிவெஞ்ச்' இவ்வாறு மணிக்கு 88 கிலோமீட்டர் வேகம் பெற்றது.

உராய்வை விட்டுவிட்டால், அந்த வேகத்தில் ஏறக்கூடிய உயரம் சுமார் 30 மீட்டர். வண்டியில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் இக்கணக்கு மாறாது. வேகம் இருமடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். 1997-ல் ஆஸ்திரேலியாவின் 'டவர் ஆஃப் டெரர்' மணிக்கு 161 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதற்குரிய உயரம் சுமார் 100 மீட்டர். அங்கே எடையும் இல்லை, சக்கரமும் இல்லை. தண்டவாளத்தை ஒட்டிய மின்காந்தங்களே வண்டியைத் தள்ளின. 2019-ல் அது மூடப்பட்டது. பெல்ஜியத்தில் 1982-ல் சுழல்சக்கரத்துடன் தொடங்கிய ஷ்வார்ஸ்கோப் வண்டியும் 2013-ல் மின்காந்தத்திற்கு மாறியது.

இவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வெடிமருந்தும் சேமித்த ஆற்றல்தான். ஆனால் பற்றிவிட்டால் அதை நிறுத்த வழியில்லை. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சக்கரத்தின் ஆற்றலைக் கிளட்ச்சை விலக்கிப் பிரிக்கலாம். மின்காந்தத்தின் மின்னோட்டத்தை நிறுத்தலாம். வளையத்தின் உச்சியை எட்டாத வண்டியும் வந்த வழியே இறங்கிவிடும். ஆற்றலைச் சேர்ப்பவர் அதை அடக்கும் வழியையும் முதலிலேயே அமைத்துவிட வேண்டும். விளையாட்டு வண்டிக்குக் காட்டும் இந்த அக்கறை, வயிற்றுப் பிழைப்புக்காக மருந்து கலக்கும் கைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?